கிராஃப் தியரியில் எனக்கு விழுந்த பூஜ்யம்

எம்.எஸ்சி. கணிதத்தில் விருப்பப் பாடமாக கிராஃப் தியரியை எடுத்தேன். புள்ளிகளையும் (முனைகள்) அவற்றை இணைக்கும் கோடுகளையும் (விளிம்புகள்) பற்றிய பாடம் அது; அப்படி ஒரு படம்தான் கிராஃப். பகுப்பாய்வுப் பாடத்தின் எப்சிலான், டெல்டா நிரூபணத் தொல்லை இருக்காது, படம் போட்டே பாஸ் பண்ணிவிடலாம் என்ற கணக்குதான்.

முதல் வாரம் அந்த நினைப்புக்குத் தீனி போட்டது. கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து வர முடியாது என்று கணித மேதை ஆய்லர் காட்டிய கதை. நான்கு நிலப்பகுதிகளுக்கும் முறையே 5, 3, 3, 3 பாலங்கள். நிலப்பகுதி முனை, பாலம் விளிம்பு; ஒற்றைப்படை எண்ணிக்கையில் விளிம்பு சேரும் முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது, அவ்வளவுதான். சின்ன வயதில் பென்சிலை எடுக்காமல், உள்ளே பெருக்கல் குறி போட்ட வீடு வரைவோமே, அதைக் கீழ் மூலையில் தொடங்கினால்தான் வரும் என்பதற்கும் இதுதான் காரணம். இவ்வளவுதானா பாடம் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் வந்தது இன்டர்னல் தேர்வு. "ஒவ்வொரு முனையிலும் குறைந்தது ஒரு விளிம்பாவது இருந்தால் அந்த கிராஃப் இணைந்ததாக (எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் விளிம்புகள் வழியே போகலாம்) இருக்கும். சரியா, தவறா?" சரி என்று எழுதி, இன்டக்‌ஷனில் (n-க்கு உண்மை என்றால் n+1-க்கும் உண்மை என்று காட்டும் முறை) அரைப் பக்க நிரூபணமும் கொடுத்தேன்: n முனைகளுக்கு உண்மை என்று கொள்வோம், புதிதாக ஒரு முனையைச் சேர்த்து ஏதாவது ஒன்றோடு இணைப்போம், முழுதும் இணைந்துவிட்டது. பேராசிரியர் அதன் கீழே நான்கு புள்ளி, தனித்தனியாக இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் 0 எழுதியிருந்தார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

விடை தவறு என்பது உடனே தெரிந்தது. நிரூபணம் எங்கே உடைந்தது என்று தெரிய இரண்டு நாள் ஆனது. எல்லா கிராஃபும் நான் கட்டிய வழியில் வந்துவிடாது. n+1 முனைகள் கொண்ட ஏதோ ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒரு முனையை நீக்கித்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு கோட்டுப் படத்தில் ஒரு முனையை நீக்கினால் அதன் ஜோடி விளிம்பே இல்லாமல் நிற்கிறது. நிபந்தனை அங்கேயே போச்சு.

எந்த வரைபடத்தையும், பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாகாமல், நான்கே வண்ணத்தில் தீட்டலாம் என்கிற நான்கு வண்ணத் தேற்றத்துக்கு கெம்பே என்ற கணிதவியலாளர் 1879-ல் தந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை ஹீவுட் என்ற இன்னொரு கணிதவியலாளர் 1890-ல்தான் காட்டினார் என்று பிறகு படித்தேன். 11 வருடம்! என் பூஜ்யம் கொஞ்சம் ஆறியது.

—

உங்கள் பூஜ்யக் கதையைப் படித்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. படத்தை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். வெளியே ஐங்கோணம், உள்ளே நட்சத்திரமாக, பீட்டர்சன் கிராஃப் என்ற பிரபலமான படம். பக்கத்தில், வெளியே அறுகோணமும் நடுவில் ஒரு முனையுமாக இன்னொரு படம். இரண்டிலும் 10 முனை, 15 விளிம்பு, எல்லா முனைக்கும் டிகிரி (சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) 3. ஆனாலும் "இரண்டும் வேறு கிராஃப்" என்று அடித்துச் சொன்னேன். எங்கள் கிராஃப் தியரி மேடம் திட்டவில்லை. 1 முதல் 5 வரையான எண்களை இரண்டிரண்டாக எடுத்துப் பத்து ஜோடி எழுதி, பொது எண் இல்லாத ஜோடிகளை இணைக்கச் சொன்னார். அந்தப் பெயர்களை இரண்டு படத்திலும் பொருத்திப் பார்த்தேன். ஐங்கோணப் படத்தில் 12-க்கு (1, 2 ஜோடி) இணைந்தவை 34, 35, 45. அறுகோணப் படத்திலும் அதே மூன்று. இரண்டும் ஒரே கிராஃப்தான், வரைந்த விதம்தான் வேறு.