பழைய ஸ்கார்பியோவின் பிரேக் ஹோஸ்: எஃகுப் பின்னலா, கம்பெனி ரப்பரா?

காரவள்ளி_70:
வணக்கம். என்னுடையது 2006ஆம் ஆண்டு ஸ்கார்பியோ. 2,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏபிஎஸ் கிடையாது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அம்மாவின் ஊர் கொல்லிமலை. மாதம் இரண்டு முறையாவது மலைமேல் இருக்கும் சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும்.

சென்ற ஞாயிறு பாதி மலை இறங்கியதும் பெடல் பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கத் தொடங்கியது. வண்டி நின்றது, ஆனால் வழக்கத்தைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. காலை எடுத்த பிறகும் வண்டி வலப்பக்கமே இழுத்தது. அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தால் வலது முன்சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அத்தனை சூடு. இடது சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வண்டியில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் வளையும் குழாய்களான ஹோஸ்கள் முதல் நாளிலிருந்து இருப்பவை. ஹைட்ராலிக் ஹோஸ் செய்துதரும் ஒரு கடையில், உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே எஃகுக் கம்பிப் பின்னலும் உள்ள ஹோஸ் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். கம்பெனி ரப்பர் ஹோஸைப்போல மூன்று மடங்கு விலை. போடலாமா?

கல்லட்டி_36:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். என் பழைய பஜீரோவில் எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மசினகுடிக்கும் உதகைக்கும் இடையிலுள்ள 36 வளைவுகளில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பெடல் கல்போல நிற்கிறது.

காரணம் எளிது. ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் ஊதும். உங்கள் காலின் விசை, சக்கரத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குப் போகாமல் ஹோஸை ஊதவைப்பதில் கொஞ்சம் வீணாகிறது. டெஃப்லான் அப்படி ஊதாது. அதோடு ரப்பரின் சுவர் வழியே காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே கசிந்து பிரேக் ஆயிலில் கலக்கும். டெஃப்லானில் அந்தக் கசிவு மிகக் குறைவு. பழைய வண்டியை மலையில் ஓட்டுபவர் செய்யவேண்டிய முதல் வேலை இது.

ஈரோட்டுப்_பட்டறை:
தம்பி, முதலில் இந்த நிலையில் வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

28 ஆண்டுகளாகப் பிரேக் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. காலை எடுத்த பிறகும் வலப்பக்கம் இழுப்பது ஒன்று. பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ரப்பர் வீங்கித் துளையை அடைத்திருக்கும். நீங்கள் மிதிக்கும்போது ஆயில் அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு காலிப்பருக்குப் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வர வழியிருக்காது. பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே ஓடும். காலிப்பர் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதனால் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோதனை இதுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஒருவரைப் பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொல்லுங்கள். சக்கரம் சிக்கியிருக்கும்போது, ஹோஸ் தொடங்கும் இடத்தில் இரும்புக் குழாயின் நட்டை மெல்லத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடாவிட்டால் காலிப்பரில் காற்று எடுக்கும் திருகைத் திறங்கள். அங்கே விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. அதிலும் விடுபடாவிட்டால் காலிப்பர். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே வாய் திறந்த ரிங் ஸ்பேனர் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

இரண்டாவது நோய், பெடல் அமுங்குவது. அதற்கு எஃகுப் பின்னல் மருந்தல்ல. பின்சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இந்த வயதில் துருப்பிடித்து நின்றிருக்கும். என் பட்டறைக்கு "பெடல் கீழே போகிறது" என்று வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஷூ அட்ஜஸ்ட் செய்ததும் சரியாகிவிடுகின்றன.

கல்லட்டி_36:
அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பெடல் ஆழமாகப் போவதும் பஞ்சுபோல் அமுங்குவதும் ஒன்றல்ல. ஷூ இடைவெளி கூடினால் முதலில் வெறுமனே இறங்கும், பிறகு கெட்டியாகப் பிடிக்கும். பஞ்சுத்தன்மை என்றால் ஏதோ ஊதுகிறது, அல்லது உள்ளே காற்றோ ஆவியோ இருக்கிறது.

கணக்கே போடுகிறேன். பிரேக் ஹோஸுக்கான அமெரிக்காவின் 106ஆம் தரவிதிப்படி, 3.2 மி.மீ. உள்விட்டமுள்ள சாதாரண வகை ஹோஸ், 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு) அழுத்தத்தில் ஓரடி நீளத்துக்கு 0.66 கன செ.மீ. வரை ஊதலாம். மூன்று ஹோஸும் சேர்ந்து மூன்றரை அடி என்றால் 2.3 கன செ.மீ. மாஸ்டர் சிலிண்டர் ஓர் அங்குல விட்டம் என்றால் பிஸ்டன் நாலரை மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடல் நெம்புகோல் நான்கு மடங்கு என்றால் உங்கள் பாதத்தில் 18 மி.மீ. அது சின்ன விஷயமா?

ஈரோட்டுப்_பட்டறை:
கணக்குக்கு நன்றி. நானும் போடுகிறேன். பின்சக்கர சிலிண்டர் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரே ஒரு மி.மீ. கூடுதலாக நகர்ந்தால், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 1.5 கன செ.மீ. உங்கள் கணக்குப்படியே பெடலில் 12 மி.மீ. நான் பார்க்கும் பழைய டிரம்களில் இடைவெளி அதைவிட மோசம். அந்த வேலைக்குச் செலவு என்ன? ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம்.

நீங்கள் சொன்ன 0.66, விதி அனுமதிக்கும் உச்சம். நல்ல புது ரப்பர் ஹோஸ் அந்த அளவு ஊதுவதில்லை. பழைய ரப்பரோடு புது எஃகை ஒப்பிட்டு எஃகு வென்றது என்கிறீர்கள். புது ரப்பரோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரப்பர்_ஆய்வகம்:
பிரேக் ஹோஸ் சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன்.

கல்லட்டி நண்பர் கணக்கின் பாதியை விட்டுவிட்டார். அதே விதியில் குறைவாக ஊதும் வகை என்று இன்னொன்று உண்டு. அதன் உச்சம் 0.33, சரியாகப் பாதி. அந்த விதிக்கு உட்பட்ட ஹோஸின் உடலிலேயே எச்ஆர், எச்எல் என்று அச்சிட்டிருக்கும். முன்னது சாதாரணம், பின்னது குறைவாக ஊதுவது. ரப்பரிலேயே எச்எல் கிடைக்கிறது.

நான் கவலைப்படுவது ரப்பரா எஃகா என்பதைப் பற்றியல்ல. அந்த ஹோஸ் எந்தச் சோதனையில் தேறியது? நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 7079 என்ற தரம் இருக்கிறது. 106ஆம் விதியில் ஒரு சோதனை: ஹோஸில் அழுத்தம் ஏற்றி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் 35 மணி நேரம் சுழற்றுவார்கள். 16 லட்சத்து 80 ஆயிரம் முறை வளைந்து நிமிர வேண்டும். சக்கரம் திரும்பும்போதும் குதிக்கும்போதும் ஹோஸுக்கு நேர்வது அதுதான். தோற்கும் ஹோஸ்கள் பெரும்பாலும் நடுவில் தோற்பதில்லை. உலோக முனையை நசுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் தோற்கின்றன. டெஃப்லான் கடினமானது, கூர்மையாக மடிந்தால் மீளாது. அதனால் முனையில் வளைவைத் தாங்கும் உறை வேண்டும். தேறிய எஃகுப் பின்னல் ஹோஸ்களும் விற்பனையில் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண் அள்ளும் எக்ஸ்கவேட்டருக்கு ஹோஸ் செய்யும் மேசையில் அளந்து வெட்டி நசுக்கிக் கொடுப்பதை என் பிள்ளைகள் ஏறும் வண்டியில் போட மாட்டேன்.

ஈரோட்டுப்_பட்டறை:
முனை பற்றி ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிச் செய்த ஹோஸ் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. பின்னல் பளபளவென்று புதிதுபோல இருந்தது. முனையை விரலால் அசைத்தபோது பின்னலுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு ஆயில் வந்தது, அவ்வளவுதான். உள்ளே குழாய் கீறியிருந்தது. உள்ளடைப்பு வெளியே தெரியாது என்றாலும், ரப்பர் கசியும் நிலைக்கு வந்தால் பெரும்பாலும் வெடிப்பு தெரியும், விரலால் அழுத்தினால் தெரியும். அது முன்கூட்டியே சொல்லிவிடும். இது சொல்லாது.

இன்னொன்று, முனையிலுள்ள திருகு மரை. 10 மி.மீ. மரையும் எட்டில் மூன்று அங்குல மரையும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானது இரண்டு மூன்று சுற்று ஏறியும் விடும். முழுக்கப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். அழுத்தம் வரும்போது மரை பிய்ந்துவிடும்.

கல்லட்டி_36:
தரமில்லாத கடையில் செய்யாதீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது என் வண்டிக்கென்றே தயாரித்த, தரச் சான்றுள்ள தொகுதி. பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது, மணலும் சேறும் உள்ளே புகாது. காரவள்ளி நண்பரிடம் ஒரு கேள்வி: வண்டியின் ஸ்பிரிங்கை உயர்த்தியிருக்கிறீர்களா?

காரவள்ளி_70:
ஆம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு அங்குலம் உயர்த்தினேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கல்லட்டி_36:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கம்பெனி நீள ஹோஸ் நாண்போல இழுபடும். உயர்த்திய வண்டிக்கு நீளமான ஹோஸ் தேவை, அது கம்பெனியில் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் பின்னல் ஹோஸுக்கு வருகிறார்கள்.

ஈரோட்டுப்_பட்டறை:
இது நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பின்னச்சில் நடுவில் ஒரே ஹோஸ்தான் இருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுமைக்கேற்பப் பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், உயர்த்தியபோது அதன் கம்பியைச் சரிசெய்தார்களா என்றும் பாருங்கள். செய்யாவிட்டால் வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், பின்பிரேக் பாதிதான் வேலை செய்யும். என்னைக் கேட்டால் பழைய உயரத்துக்கே இறக்கிவிடுங்கள்.

வால்பாறை_டீச்சர்:
நீங்கள் எல்லோரும் ஹோஸைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி பாதி மலை இறங்கிய பிறகுதான் பெடல் அமுங்கியது என்று எழுதியிருக்கிறார். மலைமேல் நன்றாக இருந்த பிரேக் இறங்க இறங்க அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது என்று ஏன் யாரும் சொல்லவில்லை? டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். கை வைக்க முடியாத சக்கரத்தில் அந்தச் சூடு வராதா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். பதினேழு ஆண்டுகளாகப் பொலிரோவில் போய்வருகிறேன். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது என் அப்பா சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டால் போதும். தம்பி, எந்தக் கியரில் இறங்கினீர்கள்? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

காரவள்ளி_70:
டீச்சர், மூன்றாம் கியரில் இறங்கினேன். ஆயில் குறைந்தால் ஊற்றியிருக்கிறேன். முழுவதும் மாற்றியதாக நினைவே இல்லை.

கல்லட்டி_36:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக வந்தது.

வால்பாறை_டீச்சர்:
இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் ஐயா. எஃகு ஹோஸ் போட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

காரவள்ளி_70: (பத்து நாள் கழித்து)
உள்ளூர்ப் பட்டறையில் அண்ணா சொன்ன சோதனையைச் செய்தோம். மேலே நட்டைத் தளர்த்தினோம், சக்கரம் அசையவில்லை. காற்று எடுக்கும் திருகைத் திறந்ததும் ஆயில் ஒரு பீறல் பீறியது. சக்கரம் கையால் சுழன்றது. வலது ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை. நடுவில் இரும்புக் கிளிப் பிடிக்கும் இடத்தில், கிளிப்பின் உட்புறம் துருவேறி ரப்பரை நெரித்திருந்தது. துளையில் தையல் ஊசி நுழைந்தது, தீக்குச்சி நுழையவில்லை. பழைய ஆயில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. பின்னால் இடது அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுபோயிருந்தது.

முழுவதும் தொங்கவிட்டு அளந்தோம். முன்ஹோஸ்களில் தளர்வு இருக்கிறது. பின்ஹோஸ் இறுகுகிறது. ஆகவே ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன். மூன்றும் கம்பெனி ரப்பர் ஹோஸ், டாட் 4 ஆயில், அட்ஜஸ்டர் இரண்டும் புதிது. நேற்று இரண்டாம் கியரில் தனியாக இறங்கினேன். 70 வளைவுக்குப் பிறகும் பெடல் ஏறும்போது இருந்த இடத்திலேயே நின்றது. அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன்.

கல்லட்டி_36:
மகிழ்ச்சி. ஆனால் ஆயில், அட்ஜஸ்டர், ஹோஸ், கியர் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது. உயரத்தை இறக்க விரும்பாதவருக்கு என் பதில் இன்னும் எஃகுப் பின்னல்தான்.

ரப்பர்_ஆய்வகம்:
சான்றோடு என்றால் எனக்கும் சம்மதம்.

ஈரோட்டுப்_பட்டறை:
தம்பி, பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் இரண்டு வேலை. முனை போல்ட்டுகளில் செப்பு வாஷர் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். பழையதையே திருப்பிப் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஹோஸின் மேல் நீளமாக ஓடும் கோட்டைப் பாருங்கள். அது நேராக இருக்க வேண்டும். கயிறுபோல் சுற்றியிருந்தால் முறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள், கழற்றிப் போட வேண்டும். ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, டயரில் எங்கும் உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.