உதவி: கொள்ளுத் தாத்தாவின் பட்டாள மெடல், எந்த ரெஜிமென்ட் என்று கண்டுபிடிப்பது எப்படி? (அவசரம்)

வியாசர்பாடி செல்வா: வணக்கம். என் கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் சாதாரண சிப்பாய். வீட்டில் ஒரு மெடல் இருக்கிறது. வர்ற ஞாயிறு சொந்தபந்தம் எல்லாம் கூடுகிறோம், அவர் பேரில் ஃப்ளெக்ஸ் அடிக்கணும், கடைக்காரர் வெள்ளிக்குள் மேட்டர் கேட்கிறார். போர்க் கல்லறை வெப்சைட்டில் பேரைப் போட்டேன், அதே பேரில் வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். இவர் எந்த ஆள்? எங்கே சண்டை போட்டார்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

குரோம்பேட்டை குமார்: எந்தப் போர் ப்ரோ? பேர் என்ன? ஊர்?

மலர்விழி: மெடல் எப்படி இருக்கும் தம்பி? வட்டமா, நட்சத்திரமா? போட்டோ போடுங்கள், விளிம்பையும் சேர்த்து.

ஓய்வு ஹவில்தார்: பர்மாதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் பெரியப்பாவும் பர்மா.

பழங்காசு: மாதம் தவறாமல் இதே கேள்வி. முந்தைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அந்த வெப்சைட் போர்க்காலத்தில் இறந்தவர்களுக்கு மட்டும். முதல் போர் என்றால் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவது என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. உயிரோடு ஊர் திரும்பியவர் அதில் இருக்க மாட்டார். கொள்ளுப் பேரன் இருக்கிறார் என்றால் திரும்பி வந்தவர்தானே?

மலர்விழி: போவதற்கு முன்னாடியே பிள்ளை பிறந்திருக்கலாமே சார்.

அடையாறு ரமேஷ்: நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு நேரில் போய்ப் பாருங்கள், மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் இருக்கிறது. முதல் போரில் போனவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் அங்கே பேர் பொறித்திருக்கிறார்கள்.

பழங்காசு: அதுவும் இறந்தவர்களுக்குத்தான். மேலே எழுதியதை யாராவது படிக்கிறீர்களா?

வியாசர்பாடி செல்வா: திரும்பி வந்தவர்தான். பேர் முனுசாமி. "பஸ்ரா போனவர்" என்று ஆயா சொல்லும். மெடல் வட்டம், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் உடுப்பில்லாமல் ஒரு ஆள், 1914 1918 என்று இருக்கிறது. விளிம்பில் ஏதோ எழுத்து, தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா புளி போட்டு விளக்கி வைப்பார்.

மலர்விழி: ஐயோ, முதலில் அந்தப் புளியை நிறுத்தச் சொல்லுங்கள்! விளிம்பில்தான் எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்தால் எழுத்து எழும்பித் தெரியும். இல்லையா, மெல்லிய காகிதத்தை விளிம்போடு சுற்றி பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள். எண் ரொம்ப முக்கியம் தம்பி. அந்தக் காலத்தில் இனிஷியல் கூட இல்லாமல் ஒற்றைப் பேர்தான், ஒரே கம்பெனியில் நாலு முனுசாமி இருப்பார்கள்.

பழங்காசு: வெள்ளியா வெண்கலமா? இதைத்தான் முதலில் கேட்டிருக்கணும். இந்த மெடல் பெரும்பாலும் வெள்ளி. சுமை தூக்க, மண் வெட்டப் போன தொழிலாளர் படைகளுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள்.

தாமிரபரணி: முனுசாமி என்றால் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியாக இருக்கலாம், 63ஆவது. எங்கள் ஊர்ப் பேரில் ஒரு ரெஜிமென்ட்டே இருந்தது!

ஓய்வு ஹவில்தார்: தாங்காவில் ஓடினார்களே, அவர்களா? 😀

தாமிரபரணி: என்ன சார் சிரிப்பு? 1914 நவம்பர், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் (இன்றைய தான்சானியா) தாங்கா துறைமுகம். வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்த ஆட்களை அப்படியே கரையில் இறக்கிச் சண்டைக்கு விட்டார்கள். எதிரி எங்கே எத்தனை பேர் என்று வேவு பார்க்காதது தளபதி, பழி சிப்பாய் மேல். போதாதற்குத் தேனீ வேறு கொட்டியது. நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா?

ஓய்வு ஹவில்தார்: தேனீ ரெண்டு தரப்பையும்தான் கொட்டியது தம்பி. எட்டாயிரம் பேர் ஆயிரம் பேரிடம் தோற்றார்கள் என்பதுதான் கணக்கு.

குரோம்பேட்டை குமார்: அவர் பஸ்ரா என்கிறார், நீங்கள் ரெண்டு பேரும் ஆப்பிரிக்காவில் நிற்கிறீர்கள்.

அடையாறு ரமேஷ்: லாகூர் மியூசியத்தில் முதல் போர் சிப்பாய்கள் பதிவேடு கிடைத்து 2021இல் நெட்டில் ஏற்றினார்களே, லட்சக்கணக்கில் பேர். அதில் தேடலாமே?

மலர்விழி: அது பஞ்சாப் ஆட்களுக்கு மட்டும் அண்ணா. நம் பக்கம் அப்படிப் பெரிய பட்டியல் வந்ததில்லை.

வியாசர்பாடி செல்வா: டார்ச் வேலை செய்தது அக்கா, நன்றி! வெள்ளிதான், நகைக்கடையில் காட்டிவிட்டேன். எண் நாலு இலக்கம், மூன்றாவது மட்டும் 3ஆ 8ஆ தெரியவில்லை. அப்புறம் முனுசாமி என்று பேர், கடைசியில் 2 க்யூ.வி.ஓ. எஸ். & எம்.

பழங்காசு: இதை முதலிலேயே போட்டிருந்தால் இவ்வளவு நீளம் வந்திருக்காது. இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். அதாவது மதராஸ் சாப்பர்ஸ், தலைமையிடம் பெங்களூரு. மெசபடோமியாவுக்கு, அதாவது பஸ்ரா இருக்கும் இன்றைய ஈராக்குக்குப் போனவர்கள், ஆகவே ஆயா சொன்னது பொருந்துகிறது. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, பதுங்குகுழி வெட்டுவது இவர்கள் வேலை. அதையும் குண்டுவீச்சுக்கு நடுவில் செய்யணும். இன்றைக்கு எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்கிறார்கள், பெங்களூரு மையத்தில் அருங்காட்சியகமும் ஆவணங்களும் இருக்கின்றன. எண்ணை 3, 8 என்று இரண்டு விதமாகவும் எழுதி, விளிம்பு போட்டோவோடு கடிதம் போடுங்கள். பேரை இங்கிலீஷில் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள், எண்ணை வைத்துக் கேளுங்கள். லண்டனில் கியூ (Kew) என்ற இடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள போர் நாட்குறிப்புகளில் கம்பெனி எங்கே இருந்தது என்று தெரியும், சிப்பாய் பேரெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

மலர்விழி: ஃப்ளெக்ஸில் "மதராஸ் சாப்பர்ஸ், முதல் உலகப் போர்" என்று மட்டும் போடுங்கள் தம்பி. பஸ்ராவை "ஆயா சொன்னது" என்று போட்டால் அழகாகவே இருக்கும். இந்தச் சண்டையில் வென்றார், அந்தக் கோட்டையைப் பிடித்தார் என்றெல்லாம் இப்போது வேண்டாம்.

வியாசர்பாடி செல்வா: அப்படியே கொடுத்தாச்சு அக்கா. டிசைனர் பையன் தாத்தா தலையை கமாண்டோ உடம்பில் ஒட்டி, கையில் ஏகே 47 கொடுத்து அனுப்பியிருந்தான், எடுக்கச் சொல்லிவிட்டேன். கடிதம் அடுத்த வாரம். எல்லாருக்கும் நன்றி.

தாமிரபரணி: தாங்கா பற்றித் தனி இழை போட்டிருக்கிறேன். ஹவில்தார் சார், அங்கே வாருங்கள்.