ஓக்லி யாயாவும் அவருடைய மரப்பெட்டியும்

மெல்போர்னில் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். குளிப்பாட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கொஞ்சம் சமையல். ஓக்லி பக்கம் எனக்குக் கிடைத்த வீடுகளில் பாதிக்கு மேல் கிரேக்கப் பாட்டிகள்தான். பாட்டியை அவர்கள் யாயா என்பார்கள். ஒரு யாயாவை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியும் கறுப்பு உடைதான். பின்கட்டில் எலுமிச்சை, அத்தி, தக்காளி. பழைய ஆலிவ் எண்ணெய் டின்களில் திருநீற்றுப்பச்சிலை. நான் போனதும் முதல் கேள்வி, "சாப்பிட்டாயா?" ஆமாம் என்றாலும் தட்டு வந்துவிடும். "கொரீத்ஸி மூ" என்று கூப்பிடுவார். என் பெண்ணே என்று அர்த்தம்.

வட கிரேக்கத்தில் கஸ்தோரியா பக்கத்து மலைக்கிராமத்தில் 1940ல் பிறந்தவர். முதலில் இத்தாலியர், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு, அப்புறம் 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், எழுத்தே தெரியாமல் வளர்ந்தார். வீட்டில் நான்கு பெண்கள். அப்பாவிடம் மிஞ்சியது ஒரு கோவேறு கழுதையும் கொஞ்சம் கல்லாங்காடும். அங்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்க 'ப்ரீக்கா' வேண்டும். நம் ஊர் வரதட்சணையேதான்: வீடு, நிலம், ரொக்கம், நெய்த துணிமணி.

1952ல் இரண்டு அரசுகளும் குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு கிரேக்க இளைஞர்கள் நிறையப் பேர் ஆஸ்திரேலியா வந்துவிட்டார்கள். இங்கே கிரேக்கப் பெண்கள் குறைவு. போட்டோ பார்த்தே கல்யாணம் நிச்சயமானது. 1957ல் பெகோனா என்ற ஒரே கப்பலில் ஏறக்குறைய 900 பெண்கள் வந்து இறங்கினார்கள். நம்ம யாயா வந்தது 1961ல், பாத்ரிஸ் கப்பலில். 'தாய்நாடு' என்று பொருள்படும் பெயர் கொண்ட கப்பலில் ஏறித்தான் தாய்நாட்டை விட்டு வந்திருக்கிறார். மெல்போர்ன் துறைமுகத்தில், ஸ்டேஷன் பியரில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். போட்டோவில் போட்டிருந்த நல்ல கோட்டு அன்று இல்லை. அது இரவல் கோட்டு. "கோட்டு இல்லாமல் வந்தாரே, அப்போதே நம்பிக்கை வந்தது. இனிமேல் எதையும் மறைக்க மாட்டார்" என்றார்.

வந்த இரண்டாவது வாரமே காலிங்வுட்டில் காலுறை ஆலையில் வேலை. ராத்திரி வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தையல். குழந்தை தூங்க வேண்டுமே என்று மெஷினுக்குக் கீழே கம்பளியை நாலாக மடித்துப் போட்டுச் சத்தத்தை அடக்குவாராம். அந்த மெஷின் இன்னும் கூடத்தில் இருக்கிறது, கைச்சக்கரம் பட்ட இடத்தில் சுவரில் ஒரு வளைந்த கோடு. அந்தக் காசில்தான் மூன்று தங்கைகளுக்கும் ப்ரீக்கா போனது. தனக்குக் கொடுக்க முடியாத அப்பாவின் கடனை மூன்று முறை அடைத்தவர் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கிரேக்கத்தில் ப்ரீக்காவைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1983ல். கடைசித் தங்கைக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. எங்கள் நாட்டில் 1961லேயே, நீங்கள் கப்பலேறிய அதே வருஷம், தடைச் சட்டம் வந்துவிட்டது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் உன் அப்பா எதுவும் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். என் கையிலிருந்த வளையல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து வந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காபிக்கு இன்னொரு யாயா வருவார். அவருடைய அம்மா, இன்றைய துருக்கியில் கிரேக்கர்கள் நிறைய வாழ்ந்த ஸ்மிர்னா நகரம் 1922ல் எரிந்தபோது ஒன்பது வயதில் தப்பி, பிரேயஸ் பக்கத்து நிக்கேயா அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவர். சொந்த மொழி பேசும் சொந்த நாட்டிலேயே 'துருக்கி விதை' என்று ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். அவர் செய்யும் கறி உருண்டையில் சீரகமும் பட்டையும் மணக்கும். அந்த அளவு அம்மா சொன்னது, மாற்ற மாட்டேன் என்பார்.

ஒரு நாள் யாயா தன் மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுவந்த சீர்ப்பெட்டி. நாப்தலீன் உருண்டை வாசனையோடு அம்மா நெய்த கம்பளம், அதற்கடியில் கடிதக் கட்டு. அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது, பாதிரியார் எழுதிக் கொடுப்பார். இங்கே பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்வாள். எல்லாக் கடிதமும் ஒரே வரியில்தான் தொடங்கும்: நாங்கள் நலம், உங்கள் நலமும் அதுபோலவே என்று வேண்டுகிறோம். நாங்களும் அப்படித்தான் எழுதுவோம், 'நலம், நலமறிய ஆவல்' என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

1969ல் வந்த ஒரு கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. அம்மா இறந்த செய்தி மூன்றாவது வரியில் இருந்தது. அதற்குள் நாற்பதாம் நாள் சடங்கும் கடந்திருந்தது. அன்று ராத்திரியே கோதுமையை வேகவைத்து, மாதுளையும் பாதாமும் சர்க்கரையும் சேர்த்து, இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் கோலிவா செய்து, மறுநாள் காலை கோவிலில் கொடுத்துவிட்டு நேரே ஆலைக்குப் போயிருக்கிறார்.

சனிக்கிழமை கிரேக்கப் பள்ளியில் படித்த பேத்தி வரும்போதெல்லாம் அந்தக் கடிதக் கட்டை எடுப்பார்கள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே யாயாவின் உதடு அசையும், அவ்வளவும் மனப்பாடம். அந்த 1969 கடிதத்தையும் படிக்கச் சொல்வார். முதல் வரி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவரே வாங்கி மடித்து உள்ளே வைப்பார்.