மறு: லிங்க்டு டேபிள் – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை என் தரவுத்தளப் பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. வேறோரிடத்தில் இருக்கும் அட்டவணையை நகலெடுக்காமல் இங்கிருந்தே திறந்து கையாள்வதுதான் லிங்க்டு டேபிள். அதற்குத் தமிழில் ‘தொடுத்த அட்டவணை’ என்று நான் முன்வைத்திருந்தேன். இழை எங்கெங்கோ போய்விட்டதால் வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> இணையட்டவணை போதும். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

ஐயா, இணை என்பது பெயருமாயிற்றே. இணைச்செயலாக்கம் (பேரலல் பிராசஸிங்) என்று பின்னால் ஒரு பாடமே இருக்கிறது. சுடுசோறு, ஊறுகாய் போல வருமொழி வல்லினமாக இருந்தால், ஒற்று மிகாததைக் காட்டி வினைத்தொகை என்று நிறுவலாம். அட்டவணை உயிரில் தொடங்குகிறது. வினையாகக் கொண்டாலும் பெயராகக் கொண்டாலும் யகர உடம்படுமெய்தான் வரும். படிப்பவருக்கு எந்த இணை என்று எப்படித் தெரியும்?

> அட்டவணையே மராட்டி வரவு. வரிசைப்பட்டி எனலாம்.

கால அட்டவணை எழுதாத பிள்ளை உண்டா? திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். இதை நான் தொடுவதாயில்லை.

> நிழலட்டவணை?

அழகான சொல், அம்மா. ஆனால் நிழலை மிதித்தால் ஆளுக்கு வலிக்காது, இங்கே வலிக்கும். போன வாரம் வகுப்பில் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைத் திறந்து, தரவுத்தளங்களோடு பேச உதவும் ஓடிபிசி வழியாக, வழங்கியில் (சர்வரில்) இருந்த ஓர் அட்டவணையை இணைத்துக் காட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் சின்ன உருண்டையும் அம்புக்குறியும் வந்தன. ஒரு மாணவி அதை இறக்குமதி செய்த நகல் என்று நினைத்து, நான்கு பதிவுகளை நீக்கிவிட்டாள். பக்கத்துக் கணினியில் அந்த நான்கு வரிசையிலும் ‘டெலீட்டட்’ என்று வந்து நின்றது. பிள்ளை வெலவெலத்துப் போனாள். அவள் அக்சஸில் அந்த அட்டவணையையே நீக்கியிருந்தால் தொடர்பு மட்டும் அறுந்திருக்கும், வழங்கியில் ஒன்றும் ஆகியிருக்காது. பொருள் அங்கே, பிடி இங்கே. அதைச் சொல்லாத சொல் எனக்கு உதவாது.

> பெரும்பாலோர் ‘இணைத்த அட்டவணை’ என்கிறோம். முடித்துவிடலாமே.

புரிகிறது. என் தயக்கம் ஒன்றுதான். இரண்டு அட்டவணைகளைப் பொதுப்புலம் வைத்துச் சேர்க்கும் ஜாயினையும் இணைப்பு என்றுதான் எழுதி வருகிறோம். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் குழப்பம் நிச்சயம். அதனால்தான் ‘தொடுத்த அட்டவணை’ என்றேன். தொடுப்பு என்றால் பேச்சுவழக்கில் வேறு பொருள் வந்துவிடும் என்று இருவர் எழுதினீர்கள். உண்மை. ஆகவே பெயராக்காமல் பெயரெச்சமாகவே நிறுத்தினேன். பூவைத் தொடுத்தால் பூ பூவாகவே இருக்கும், நாரும் தனியாகத் தெரியும்.

இந்தப் பதிப்பில் ‘இணைத்த அட்டவணை’ என்றே அச்சிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘தொடுத்த’ என்பதையும் சேர்த்துப் போடுவேன். வழங்கியா சேவையகமா என்பதற்குத் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். ஜாயின் வரும் ஏழாம் பாடத்தை எழுதும்போது இந்தக் கேள்வியோடு திரும்ப வருவேன்.