கலைச்சொல்: மரச்சட்டக் கட்டடங்களில் ‘ஜெட்டி’

> இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்து லாண்டோகர் டிரோ மதுக்கூடம் பற்றிய கட்டுரையில் ஜெட்டிக்குப் ‘படகுத்துறை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

இல்லை ஐயா. துறைமுகத்தை ஒட்டிய கட்டடம் என்பதால் வந்த மயக்கம் இது. இங்கே ஜெட்டி என்பது கீழ்ச்சுவரைத் தாண்டி வீதிப் பக்கம் நீண்டு நிற்கும் மேல்மாடி. 1664-இல் கட்டிய அந்தக் கட்டட வரிசையின் ஐந்து முக்கோண முகப்புகளில், இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சுக்குப் பின் எஞ்சியவை மூன்று.

‘ஜெட்டி’ என்றே எழுதினால் தமிழில் உள்ளாடையாகிவிடும். ‘உப்பரிகை’ திறந்த மேடை. இதுவோ சுவர் எழுப்பிய அறை. ‘கொடுங்கை’ மழைநீரை வெளியே தள்ளுவது, மேலே சுவரைச் சுமப்பதில்லை. என் பரிந்துரை: துருத்துமாடி.

> ‘பிதுக்கம்’ இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான். ஆனால் சுவர் பிதுங்குவது பழுது. பழுதுபார்ப்போருக்கு அந்தச் சொல் அந்தப் பொருளிலேயே வேண்டும். துருத்துமாடி வேண்டுமென்றே கட்டியது. தளக்கட்டைகள் கீழ்ச்சுவரின் மேல் படிந்து, பொதுவாக ஓரிரு அடி வெளியே நீளும். அவற்றைத் ‘துருத்துக்கட்டை’ எனலாம். நுனிகளின்மேல் குறுக்கே கிடக்கும் உத்தரம் ‘படுகட்டை’. மேல்மாடிச் சுவர் எழுவது அதன் மேல்தான். சுவரின் பாரம் நுனியை அழுத்துவதால் அறை நடுவில் கட்டை தொய்வது குறையும். இடம் கூடுவது மட்டுமே இதன் பயன் என்று எழுதிவிடாதீர்கள்.

மூலை வீடு இரு பக்கமும் துருத்தினால் கட்டைகளின் திசை மாற வேண்டும். இரு திசைக் கட்டைகளும் வந்து சேரக் கோணத்தில் ஓர் உத்தரம் போடுவார்கள். ‘டிராகன் பீம்’ என்ற அதன் ஆங்கிலப் பெயரிலுள்ள டிராகனை விட்டுவிட்டு ‘மூலைவிட்ட உத்தரம்’ என்போம்.

பழுது பெரும்பாலும் நுனியில் தொடங்கும். சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினால், விரிசலில் புகுந்த நீர் ஆவியாக வழியின்றி நுனியை உளுத்துவிடும். படுகட்டை இறங்கி வெளியே உருளும். சன்னல் சட்டங்கள் கோணும். முதலில் மேல்சுவருக்கு முட்டு. பிறகே உளுத்த நுனியை அறுத்துப் புதிய ஓக் துண்டு சேர்ப்பது. முட்டு வைக்காமல் அறுத்தால் சுவரே இறங்கிவிடும்.

ஒன்று பாக்கி. பிற்காலத்தில் துருத்துமாடிக்கு அடியில் சுவர் எழுப்பி முகப்பைச் சமன்செய்த வீடுகள் பல. அவற்றை ‘அடியடைத்த துருத்துமாடி’ என்று குறித்துவைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.