அம்மம்மா வீட்டுச் சரஸ்வதி படம் ரவி வர்மா கையால் வரைந்ததா?

இணுவில் பேத்தி:
1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மம்மா உடுப்புப் பையோடு தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த ஒரே படம் இது. பாறையில் இருந்து வீணை வாசிக்கும் சரஸ்வதி, பக்கத்தில் மயில். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே சந்தனம் தடித்துப்போய் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் "ரவி வர்மா படம்" என்றுதான் சொல்வார்கள். அவரே வரைந்ததா? அவர் சாமிப்படம் மட்டும்தான் வரைந்தவரா?

சித்திர வாத்தியார்:
பிள்ளை, அது அச்சுப்படம். அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

ரவி வர்மா முதலில் முகம் வரைந்து பெயரெடுத்தவர். 1848இல் கிளிமானூரில் பிறந்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். எண்ணெய் வர்ணம் பழக ஆசை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868இல் மகாராஜாவை வரைய வந்த ஜென்சன் என்ற வெள்ளைக்காரர், நின்று பார்க்க மட்டும் விட்டார். நான் முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவன். எண்ணெய் வர்ணம் காய நாளெடுக்கும். ஈரம் இருக்கும்போதே கன்னத்து வெளிச்சத்தையும் நிழலையும் குழைத்துச் சேர்க்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தே பிடிப்பது லேசான காரியம் இல்லை.

1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய நாயர் பெண் படம் தங்கப் பதக்கம் வாங்கியது. 1878இல் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவை வரைந்தார். அப்புறம் பரோடா மன்னருக்காக 14 புராணக் காட்சிகள். ஆளை முன்னால் இருத்தி வரைந்து பழகிய கை என்பதால்தான் தமயந்தியும் சகுந்தலையும் மூச்சு விடுகிற பெண்களாகத் தெரிகிறார்கள்.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லில் படத்தை வரைந்து அச்சடிக்கிற முறை அது; நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாக அழுத்தி வரும். கடன் ஏறி, அச்சகம் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடம் கைமாறியது. 1906இல் ரவி வர்மா காலமான பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. உங்களுடையது அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் இடம்மாறியது; கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் கார்லி, லோனாவ்லா என்று அந்த ஊர்ப் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஈரத்துணி மட்டும் படக்கூடாது.

வடமராட்சியான்:
அச்சுப்படம்தானே என்று யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. எங்கள் அப்பா சின்னவராக இருந்தபோது ஊர்க் கோயிலில் எங்கள் ஆட்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். மண்சுவரில் தொங்கிய ரவி வர்மா லட்சுமிதான் எங்கள் வீட்டு மூலஸ்தானம். அப்பாச்சி தினமும் குளித்துவிட்டு வந்து அதற்கு முன்னால்தான் விளக்கேற்றுவா. அம்மனுடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவ கண்டது அந்தப் படத்தில்தான்.

இணுவில் பேத்தி:
நன்றி வாத்தியார். வடமராட்சி அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன நேரம் பேசாமல் இருந்தா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கன்னம் முழுக்க ஊசி முனை போல அச்சுப் புள்ளிகள், இளஞ்சிவப்புக்கு மேல் மஞ்சள். கீழ் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. "லோனா" வரைக்கும் எழுத்து மிஞ்சியிருக்கிறது. சட்டத்தை மட்டும் மாற்றப்போகிறோம். பழைய கண்ணாடியைச் சந்தனத்தோடு அப்படியே திரும்பப் போடச் சொல்கிறா அம்மம்மா.