அக்கா கடை வேலை: குடும்பக் குழு

அக்கா: எல்லோரும் வீடியோவைப் பார்த்தீர்களா? நம் சாப்பாட்டுக் கடையின் சாவி கைக்கு வந்துவிட்டது. உள்ளே சிமெண்ட் தரை, வெள்ளைச் சுவர், உயரமான சீலிங், வேறு ஒன்றும் இல்லை. அலங்காரத்துக்கு ஆள் வைக்கப்போவதில்லை, நாமே செய்கிறோம். யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள்.

தம்பி: அந்த நீளமான சுவர் முழுக்க பேலட் பலகை அடிப்போம் அக்கா, சரக்கு அடுக்கி வைக்கும் மரத்தட்டு இருக்கிறதே, அதுதான்! குடோனில் சும்மாவே தருகிறார்கள். பழைய கதவுகள், கண்ணாடி ஜாடிகள் எல்லாம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சித்தப்பா: பேலட்டின் பக்கவாட்டில் முத்திரை இருக்கும், முதலில் அதைப் பாருடா. எச்டி (HT) என்றால் மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சியை அழித்தது, எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதைத் தொடாதே. முத்திரை இல்லாததும் கறை படிந்ததும் வேண்டாம், அதன்மேல் என்ன கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

தம்பி: சரி சித்தப்பா, படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

நான்: சுவரில் என்ன அடிப்பது என்று பேசுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். அக்கா, அந்த வீடியோவில் நீ பேசுவது முழுக்க எதிரொலிக்கிறது, கவனித்தாயா? சிமெண்ட், கண்ணாடி, வெறும் சுவர், மூன்றுமே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். ஆள் நிறைந்ததும் பக்கத்து மேசையை மீறிக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள், அதனால் பக்கத்து மேசையும் உயர்த்தும், அப்படியே ஏறிக்கொண்டே போகும். லொம்பார்ட் விளைவு என்பார்கள், லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதியது. எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச முடியாத இடத்துக்கு யாரும் திரும்ப வரமாட்டார்கள். என்னைக் கேட்டால் அலங்காரத்துக்கான பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி இதற்குத்தான் போகவேண்டும்.

சித்தி: முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் குறையுமே?

நான்: பெரிதாகக் குறையாது சித்தி, அது மெல்லிய அட்டைதானே. அதோடு சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கிற கட்டடத்தில் வேண்டவே வேண்டாம். ராக்வூல் என்று கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு இருக்கிறது, அது எரியாது. 50 மி.மீ. கனத்தில் பலகையாகக் கிடைக்கும், மரச்சட்டத்துக்குள் வைத்து மேலே துணி இழுத்துக் கட்டினால் முடிந்தது. சுவரோடு ஒட்டாமல் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டினால் தாழ்ந்த சுருதி ஒலியையும் கூடுதலாக உறிஞ்சும். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், தூள் அரிக்கும். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வந்தால் அது சரியான துணி. தீத்தடுப்பு செய்ததாகப் பார்த்து வாங்கவேண்டும்.

அக்கா: சுவர் முழுக்க ஒரே நிறத்தில் துணிச் சட்டமா? அலுவலகம் மாதிரி ஆகிவிடாதா?

சித்தி: அதை என்னிடம் விடு. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கோலத்தில் தைத்துத் தருகிறேன். சுவர் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே பெரிய படமாகத் தெரியும்படி செய்யலாம்.

நான்: சித்தி, அருமை!! பெயிண்ட் அடித்தால் துணியின் துளை அடைபட்டு ஒலி உள்ளே போகாது, தையல் என்றால் அந்தச் சிக்கலே இல்லை. ஒட்டுத் துணியையும் ஊதிப் பார்த்து, தீத்தடுப்பு செய்ததாகவே எடுங்கள்.

அக்கா: எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நீளச் சுவர் சித்திக்கு. பேலட் பலகை பில் போடும் இடத்துக்குப் பின்னால் மட்டும், தம்பி கோபித்துக்கொள்ளாதே.

தம்பி: கோபம் இல்லை. அந்தக் கதவுகளையாவது மேசை ஆக்கலாமா?

சித்தப்பா: ஆக்கலாம், ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, அந்தத் தூசிதான் ஆபத்து. முதலில் சோதனை கிட் வாங்கிப் பார். ஈயம் இருந்தால் அந்தக் கதவை விட்டுவிடு, சாப்பிடும் மேசைக்கு ஆகாது. இல்லாவிட்டால் இழைத்து, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று தேய்த்துக்கொண்டு வா. ஓரத்தில் உள்ளங்கையை ஓடவிட்டுப் பார், சிலாம்பு தட்டக்கூடாது. கதவின் பள்ளத்தில் உணவு சேரும், மேலே கெட்டிக் கண்ணாடி போட்டுவிடு. உயரம் 75 செ.மீ., நாற்காலி 45. ஒரு ஆளுக்கு 60 செ.மீ. அகலமாவது வேண்டும்.

அக்கா: எத்தனை மேசை கொள்ளும் என்றே தெரியவில்லை சித்தப்பா.

சித்தப்பா: தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி மேசைகளை வரைந்துவிடும்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு நிஜமாகவே உட்காருங்கள், ஒருவர் தட்டோடு நடுவில் நடந்து பார்க்கட்டும். நடைபாதை 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது, சக்கர நாற்காலியும் வரவேண்டும் இல்லையா. வெளியேறும் வழியில் ஒரு பூத்தொட்டிகூட வைக்காதீர்கள்.

தம்பி: ஜாடி விளக்கு மட்டும் நான் செய்வேன், அதை விடமாட்டேன் 😀

நான்: செய். மூடியில் துளை போடு, எல்இடி பல்ப் மூடிய ஜாடிக்குள் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் ஒளி, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ (CRI) எண் 90-க்கு மேல் வாங்கு, இல்லாவிட்டால் தட்டில் இருப்பதெல்லாம் வெளிறித் தெரியும். மேசையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, உட்கார்ந்தபடி எதிரில் இருப்பவர் முகம் மறைக்கிறதா பார்த்து ஏற்றி இறக்கு. வயரிங் எலக்ட்ரீஷியன்தான்.

அக்கா: கரும்பலகை பெயிண்டில் மெனு எழுதப்போகிறேன், அதற்கு ஏதாவது?

சித்தி: நன்றாகக் காய்ந்தபின் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுவதும் தேய்த்துத் துடைத்துவிட்டு எழுது. இல்லாவிட்டால் முதலில் எழுதியது எவ்வளவு அழித்தாலும் லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

அக்கா: சரி. ஞாயிறு காலை எல்லோரும் வாருங்கள், முதல் வேலை டேப் ஒட்டுவது. சித்தி, சட்டத்தின் அளவை இன்றிரவு அனுப்புகிறேன், தையலைத் தொடங்கிவிடுங்கள்.